எதுவும் தெரியாத பெண்

2025 அக்டோபர் 17, தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ அன்றுதான் தியேட்டர்களுக்கு வந்தது. அதே நாளில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஆணவக்கொலைகளைத் தடுக்கும் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். இரண்டும் ஒரே நாளில் நடந்தது தற்செயல். ஆனால் சாதியைப் பேசும் தைரியத்தைத் தமிழ்நாட்டுக்குத் தமிழ் சினிமாதான் கொடுத்தது என்று நம்புகிறவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஒரு நிரூபணம் போலவே இருந்திருக்கும். கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகப் பட விழா மேடைகளிலும் யூடியூப் பேட்டிகளிலும் இந்தப் பெருமிதம் ஓயாமல் கேட்கிறது. அந்தப் பெருமிதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டினால் உடனே வரும் பதில்: “அது அவளுடைய கதை இல்லையே.”

நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். 1992இல் ‘சின்னக்கவுண்டர்’, ‘தேவர் மகன்’, 1994இல் ‘நாட்டாமை’ என்று ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கிராமத்தைப் பார்த்துப் பழகிய தமிழ் சினிமா, 2018 செப்டம்பர் 28 அன்று மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தபோது முதன்முதலாகக் காலனியிலிருந்து ஊரைத் திரும்பிப் பார்த்தது. கோயில் காரியம் போலக் கொலை செய்யும் அந்தக் கிழவரையும், கொல்லவும் மனமின்றித் தடுக்கவும் திராணியின்றித் தவிக்கும் மாரிமுத்து நடித்த, நாயகியின் அப்பா பாத்திரத்தையும் அதற்கு முன் தமிழ்த் திரையில் யாரும் இவ்வளவு உண்மையாகக் காட்டியதில்லை. ஊர்ப்பக்கத்துப் பார்வையாளனும் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்தான். இதையெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள்; சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

யாரும் போதுமான அளவு எழுதாதது ஜோவைப் பற்றித்தான்.

ஆனந்தி நடித்த ஜோதி மகாலட்சுமி, திருநெல்வேலி சட்டக் கல்லூரி மாணவி. நாயகன் பரியனுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறாள், சிரிக்கிறாள், அவன் மேல் பிரியமாகிறாள், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிறாள். மண்டபத்தில் அவளுடைய அப்பா பரியனைத் தனி அறைக்குக் கூட்டிப்போகிறார். கதவு சாத்தப்படுகிறது. உறவுக்காரப் பையன்கள் புகுந்து அடிக்கிறார்கள். ஒருவன் அவன் மேல் சிறுநீர் கழிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம், பட்டுப்புடவை, பந்தி. ஜோ அங்கே அவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் கேட்கிறாள்; அவன் சொல்வதில்லை. நாட்கள் போகின்றன, அவன் விலகுகிறான், வகுப்பில் அவன் மேல் ஒவ்வொரு அவமானமாக விழுகிறது, தண்டவாளத்தில் உயிரே போகப் பார்க்கிறது. அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியில் அப்பாவும் பரியனும் எதிரெதிரே நின்று பேச வேண்டியதைப் பேசி முடித்துவிடுகிறார்கள். அப்போதும் அவளுக்குத் தெரியாது. மேசையில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. படம் முடிகிறது.

அந்த டீ கிளாஸ் ஃபிரேமைச் சமத்துவத்தின் குறியீடு என்று கொண்டாடியவர்கள், கிளாஸ்களுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு அங்கே என்ன பேசப்பட்டது என்றே தெரியாது என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து அவளிடமிருந்து ஒன்றை மறைப்பதில் அந்தச் சமாதானம் நிற்கிறது.

இதில் முதல் குற்றம், இது நடப்புக்குப் பொருந்தவில்லை. ஜோ படிப்பது சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இவற்றைப் பாடமாகப் படிக்க வேண்டிய ஒரு மாணவிக்கு, தன் வகுப்பில் ஒருவன் ஏன் கடைசி பெஞ்சுக்குத் துரத்தப்படுகிறான், தன் சொந்தக்காரப் பையன் அவனை ஏன் குறிவைக்கிறான் என்ற கேள்வி ஒருமுறைகூட எழாதா? சட்டக் கல்லூரியை விடுங்கள். நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் போதும். பஸ்ஸில் தினமும் பார்க்கிற பையனைப் பற்றி அவளுக்குப் பெயர் தெரிவதற்கு முன்பே அவன் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறான் என்பது தெரியும். ஊர் ஸ்டாப்பா, காலனி ஸ்டாப்பா என்பதிலேயே மீதி எல்லாம் வந்துவிடுகிறது. ஸ்டாப்பில் நிற்கும் கொடிக்கம்பம் மஞ்சளா, நீலமும் சிவப்புமா என்று அவளுக்குத் தெரியும். தோழியின் வீட்டில் தண்ணீர் குடித்தாயா என்று அம்மா கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். ‘எந்த ஊரு?’ என்று கேட்ட பெரியவர் அதோடு நிறுத்தாமல் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்பது எதற்கு என்றும் தெரியும்.

தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிவருவதாக எழுந்த புகாரும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையும் சொல்வது ஒன்றைத்தான்: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே சாதி நன்றாகத் தெரியும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். சொல்லப்போனால் வீட்டில் அவள் அண்ணனைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். சாதியின் காவல் முழுக்க அவள் மேல்தான் நடக்கிறது. அவள் போனைத்தான் அம்மா எடுத்துப் பார்க்கிறாள். அவள் கல்லூரி விட்டு வரும் நேரத்தைத்தான் மாமா குறித்துவைக்கிறார். அவளுக்குத்தான் பத்தொன்பது வயதில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். இத்தனை கெடுபிடியில் வளர்ந்தவளுக்குச் சாதி தெரியாது என்று ஒரு படம் சொன்னால், சாதி அவள் மேல் செய்த வேலையை அந்தப் படம் பார்க்கவில்லை என்று பொருள்.

தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் குறையைச் சின்னக் குறை என்று கடந்துபோக முடியாது. 2012 நவம்பர் 7 மாலை நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு வன்னியர் பெண்ணும் இளவரசன் என்ற தலித் இளைஞரும் ஒரு மாதத்துக்கு முன் செய்துகொண்ட கல்யாணமும், அன்று அந்தப் பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொண்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை தொடக்கத்தில், இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று அந்தப் பெண் சென்னையில் சொன்னார். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டி இளவரசனின் உடல் கிடந்தது.

அந்த எட்டு ஒன்பது மாதங்களில் அந்தப் பெண்ணின் வாயைத் தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் கேமராக்கள் காத்திருந்தன. அவர் எந்தப் பக்கம் சொன்னாலும் அது அவர் சொல் இல்லை என்று எதிர்ப்பக்கம் சொன்னது. கணவனோடு இருக்கிறேன் என்றபோது மயக்கப்பட்டவர். அம்மாவோடு இருக்கிறேன் என்றபோது மிரட்டப்பட்டவர். அப்பாவின் சாவு, எரிந்த வீடுகள், கணவன், அம்மா என்று இத்தனையையும் ஒரே நேரத்தில் சுமந்த, எல்லாம் தெரிந்த ஒரு பெண் அங்கே இருந்தார் என்பதை ஏற்க யாரும் தயாராக இல்லை.

இப்போது ஒரு சொல்லுக்கு வரவேண்டும். அந்தக் காலத்தில்தான் ‘நாடகக் காதல்’ என்ற பேச்சு மாநிலம் முழுக்கப் பரவியது. பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ச. ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 2020 பிப்ரவரியில் மோகன் ஜி. அதையே ‘திரௌபதி’ என்று படமாக எடுத்தார். 2024 ஆகஸ்டில் ‘கவுண்டம்பாளையம்’ படத்தை இயக்கி நடித்த ரஞ்சித், சேலத்தில் நிருபர்களிடம் ஆணவக்கொலை வன்முறை அல்ல, பெற்றவர்களின் அக்கறை என்ற பொருள்படப் பேசினார். இந்த வாதம் முழுவதும் ஓர் அடித்தளத்தில் நிற்கிறது: நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் குழந்தை. எவனோ வந்து ஏமாற்றிவிடுவான். ஆகவே அவளுக்காக அப்பாவும் அண்ணனும் முடிவெடுக்க வேண்டும்.

இதற்குப் பதில் சொல்ல வந்த படங்களில் முதன்மையானது எனப் போற்றப்படும் படமும் அதே பெண்ணைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவளுக்கும் ஒன்றும் தெரியாது. அவளும் குழந்தை. வேறுபாடு, ‘திரௌபதி’ அவளைக் காதலனிடமிருந்து காப்பாற்றச் சொல்கிறது. ‘பரியேறும் பெருமாள்’ அவளை உண்மையிலிருந்து காப்பாற்றுகிறது. அரசியலில் இவ்விரண்டு படங்களுக்கும் நடுவே கடல் அளவு தூரம். ஒன்று வெறுப்பை வளர்ப்பது, மற்றது மனிதனைப் பேசுவது. அந்தத் தூரத்தை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் பெண்ணைப் பற்றிய சித்திரத்தில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன என்பதையும் மூடி மறைக்க வேண்டாம். நாடகக் காதல் என்ற பொய்யை உடைக்க ஒரே வழி, ‘நான் எல்லாம் தெரிந்துதான் இவனைத் தேர்ந்தெடுத்தேன்’ என்று சொல்லும் பெண்தான். அவளைத்தான் தமிழின் சாதி எதிர்ப்பு சினிமா எழுதத் தயங்குகிறது.

முன்பு இந்தத் தயக்கம் இருந்ததில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. சேரனின் ‘பாரதி கண்ணம்மா’ 1997இல் வந்தது. அந்தப் படத்தின் அரசியலில் எத்தனையோ சிக்கல்கள். பண்ணையார் விசுவாசத்தை அது கொண்டாடும் விதம் இன்று பார்க்கச் சங்கடம். ஆனால் மீனாவின் கண்ணம்மாவுக்குத் தான் யார், பாரதி யார், இது எங்கே போய் முடியும் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் விரும்புகிறாள். 2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தது. சந்தியா நடித்த ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்துச் சிறுமி. அவளுக்கு உலகம் தெரியாது என்றாலும் மெக்கானிக் முருகன் தன் அப்பாவுக்கு ஏன் ஆகாதவன் என்று தெரியும். அதனால்தான் மதுரையை விட்டு ஓடிப்போகிறார்கள். 2020இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாய் பல்லவியின் சுமதி, அப்பாவின் சம்மதம் இல்லாமல் தானே தேர்ந்து கல்யாணம் செய்துகொண்டவள். வளைகாப்புக்கு என்று அப்பா வந்து அழைக்கும்போது அவரை நம்பிப் புறப்படுகிறாள். அறிந்தவள் வைத்த நம்பிக்கை என்பதால்தான் அது நொறுங்கும்போது நமக்குத் தாங்கவில்லை. பூட்டிய அறைக்குள் அவள் தண்ணீர் கேட்டுத் துடிக்கும் அந்த இரவில், தன்னை யார், எதற்காகக் கொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிகிறது. அந்த அறிவைப் பறிக்காததுதான் அந்தப் படத்தின் நேர்மை.

மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே இதை 2016இலேயே செய்து காட்டிவிட்டார். ‘சைராட்’ படத்தின் ஆர்ச்சி ஊர்ப் பெரிய மனிதனின் மகள். புல்லட் ஓட்டுவாள், டிராக்டர் ஓட்டுவாள், அப்பாவின் அதிகாரத்தைத் தன் அதிகாரமாகவே அனுபவித்து வளர்ந்தவள். அவளுக்குச் சாதி தெரியும், அதில் தான் மேலே இருக்கிறோம் என்றும் தெரியும். காதலனும் நண்பர்களும் போலீஸ் ஸ்டேஷனில் பொய் வழக்கில் மாட்டிக்கொண்டபோது அவள் ஒதுங்கி நின்று அழுவதில்லை. புகாரை அழித்து எறிகிறாள். பிறகு ஹைதராபாத்தின் குடிசைப் பகுதியில் அந்த அதிகாரம் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று ஒவ்வொரு நாளாகக் கற்றுக்கொள்கிறாள். ரிங்கு ராஜ்குருவுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது இந்த வேடத்துக்குத்தான். மஞ்சுளேவும் தலித் இயக்குநர்தான். அவருடைய கோபத்துக்கோ அரசியலுக்கோ ஆர்ச்சியின் அறிவால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. பெரிய வீட்டுப் பெண்ணுக்கு முழு மூளையைக் கொடுத்ததால் அந்தப் படத்தின் கடைசி நிமிடம் இன்னும் கொடூரமாகத்தான் ஆனது.

தமிழில் பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ 2022இல் வந்தது. துஷாரா விஜயனின் ரெனேவுக்கு எல்லாம் தெரியும். நாடகக் காதல் என்ற பேச்சை மேடையேற்றித் தோலுரிப்பதுதான் அந்தப் படத்தின் வேலையே. இளையராஜா பாட்டு கேட்பதில் தொடங்கும் சண்டையில் காதலனின் வாயிலிருந்து சாதி எப்படி வெளியே விழுகிறது என்பதை அவ்வளவு கூர்மையாக வேறு யாரும் எழுதவில்லை. ஆனால் ரெனே தலித் பெண். அறிவும் கோபமும் அவளுக்கு அனுபவத்தில் வருகின்றன. அந்தப் பக்கத்துப் பெண், ஊர்த் தெருவின் பெண், தன் வீட்டு நடுக்கூடத்தில் நின்று தன் அப்பாவைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெண் இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? ஜோவின் வெகுளித்தனம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் கிராமத்தில் அது கிடைக்காது. கோடம்பாக்கத்தில் கிடைக்கும். 2000களின் வணிகப் படங்கள் வளர்த்த ‘லூசுப் பொண்ணு’ அவள். ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ (2008) படத்தின் ஹாசினியைப் போலத் தெருவில் குழந்தைத்தனமாக எதையாவது செய்து, வெள்ளை மனத்தால் நாயகனின் மனதைத் திருடும் பெண். புதிய அலை இயக்குநர்கள் வணிக சினிமாவிடமிருந்து எதை எதையோ தூக்கி எறிந்தார்கள். பண்ணையார் வீட்டைத் தூக்கி எறிந்தார்கள், கதாநாயகனின் நிறத்தை மாற்றினார்கள், நகைச்சுவை நடிகர் யோகி பாபுவை நண்பனாக மதித்து எழுதினார்கள். இந்தப் பெண்ணை மட்டும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாநிலத்துக்கு வெளியிலிருந்து நடிகையை அழைத்துவந்து அவள் முகத்தில் ஊரின் சாயல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். இது நடிகைகளின் குறை அல்ல. ஆனந்தி கொடுத்ததைச் சரியாகச் செய்தார். அந்த வேடத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

இங்கே “அது அவளுடைய கதை இல்லையே” என்பவர்களின் வாதத்தை முழுசாகக் கேட்க வேண்டும். நூறு ஆண்டுகளாக ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் கதையையே தமிழ் சினிமா சொன்னது. இப்போதுதான் ஒரு தலித் இளைஞன் தன் கதையைத் தன் கண்ணால் சொல்கிறான். அங்கேயும் வந்து ‘எங்கள் வீட்டுப் பெண்ணின் மனதை ஏன் எழுதவில்லை’ என்று கேட்பது அதே பழைய உரிமை கொண்டாடல் அல்லவா? இந்தக் கேள்வி வலுவானது. பாதி சரியும்கூட. ஆனால் பரியன் அவளை விரும்பாமல் இருந்திருந்தால் மட்டுமே அது முழுதும் சரியாகும். அவன் கதையின் நடுவில் அவள் இருக்கிறாள். அவன் அடி வாங்குவது அவளால். அவன் மறைப்பது அவளிடம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதும்போது அவனுக்கும் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். தன் மேல் சிறுநீர் கழிக்கப்பட்டதைத் தான் மிகவும் நேசிக்கும் தோழியிடம் சொல்ல முடியாதவனாக அவன் ஆகிறான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவள் சிரிப்பைக் காப்பாற்றுவது அவனுடைய காதலின் பெருந்தன்மையாகக் காட்டப்படுகிறது. அடிபட்டவனே அடித்தவர்கள் வீட்டுப் பெண்ணின் நிம்மதிக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. ஒரு தலித் இளைஞனின் கதையை அவன் பக்கம் நின்று சொல்வதாகக் கூறும் படம் இந்தப் பாரத்தையும் அவன் தோளில்தான் ஏற்ற வேண்டுமா? அவள் தெரிந்துகொண்டிருந்தால் அந்தப் பாரத்தில் பாதியாவது அவள் தோளுக்குப் போயிருக்கும்.

திரைக்கு வெளியே இதன் விளைவு என்னவென்று பார்க்க, செய்தி யூடியூப் சேனல்களின் தம்ப்நெயில்களைப் பார்த்தால் போதும். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் ஐ.டி. ஊழியர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் விரும்பிய பெண்ணின் தம்பி கைதானார். சில நாட்களில் அந்தப் பெண் பேசிய வீடியோ ஒன்று வந்தது. தாங்கள் இருவரும் உண்மையாக விரும்பியதாகவும், தன் பெற்றோருக்கு இதில் தொடர்பில்லை என்றும் சொன்னார். உடனே மஞ்சள் எழுத்தும் சிவப்பு வட்டமுமாகத் தம்ப்நெயில்கள் ஓடத் தொடங்கின. மிரட்டிப் பேசவைத்தார்களா, துரோகம் செய்துவிட்டாளா என்று இரண்டே கேள்விகள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தருமபுரிப் பெண்ணைக் கேட்ட அதே இரண்டு கேள்விகள். காதலனை இழந்து, தம்பியைச் சிறைக்கு அனுப்பி, பெற்றோரை வழக்கில் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் வாயிலிருந்து வரும் சொல் முன்னுக்குப் பின் முரணாகத்தான் இருக்கும். அந்த முரணைக் கேட்கும் காது இந்தச் சமூகத்துக்கு இல்லை. அந்தக் காதைப் பழக்க வேண்டிய கலைகளில் முதன்மையானது சினிமா. அது பதினைந்து ஆண்டுகளாக, சிரித்துக்கொண்டு டீ வாங்கிவரும் பெண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது.

உடுமலைப்பேட்டை கௌசல்யா இருக்கிறாரே என்று யாரும் கேட்கலாம். அவரைக் காட்டித்தான் கேட்க வேண்டும். 2016 மார்ச் 13 அன்று பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் கணவர் சங்கர் வெட்டப்பட்டபோது அவரும் வெட்டுப்பட்டார். பிழைத்தெழுந்து, பெற்றவர்களுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. இடையில் கௌசல்யா பறை கற்றுக்கொண்டார், மேடைகளில் சாதி ஒழிப்பைப் பேசினார், 2018 டிசம்பரில் மறுமணம் செய்துகொண்டார். எதுவும் தெரியாத பெண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய ஊடகங்களுக்கு இவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் தெய்வமாக்கினார்கள், மறுமணத்தின்போது அவருடைய சொந்த வாழ்க்கையைப் பிரித்து மேய்ந்தார்கள். இவ்வளவு பெரிய கதை கண்முன் நடந்தும், அவர் சாயலில் ஒரு நாயகியை இந்தப் புதிய அலையின் எந்தப் பெரிய படமும் மையத்தில் வைக்கவில்லை.

இதற்கிடையே மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ 2023 ஜூலை கடைசியில் ஓடிடிக்கு வந்தபோது நடந்தது நினைவிருக்கும். சேலம் பக்கத்தில் நடப்பதாக எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் வில்லன், ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு, சாதிப் பாட்டுகளோடு ஸ்டேட்டஸ்களிலும் ரீல்ஸ்களிலும் நாயகனாக வலம்வந்தான். படத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டாடினார்கள் என்று இயக்குநரின் ஆதரவாளர்கள் வருந்தினார்கள். வருந்த வேண்டியதுதான். ஆனால் அந்த ரீல்ஸைப் போட்ட பையன்களின் அக்கா தங்கைகள் அந்தப் படத்தில் எங்கே இருந்தார்கள்? வீட்டுக்குள்ளிருந்து அவனை எதிர்க்கும் ஒரு குரல், அவன் சாதிப் பெருமையைச் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்புக்கு இடமாக்கும் ஒரு பெண், திரையில் இருந்திருந்தால் அதைத் திருப்பிப் போடுவது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

‘பரியேறும் பெருமாள்’ ஹிந்தியில் ‘தடக் 2’ என்று 2025 ஆகஸ்டில் வந்தது. ஷாஜியா இக்பால் இயக்கிய அந்தப் படத்தில் பரியனின் நாய் கறுப்பியின் வலி இல்லை. நெல்லையின் வெக்கை இல்லை. தணிக்கையில் பல இடங்கள் வெட்டுப்பட்டன. பல விதத்தில் மூலத்துக்குக் கீழேதான் நிற்கிறது. ஆனால் ஜோவின் இடத்தில் வரும் விதி என்ற பெண்ணுக்குக் கோபம் உண்டு, கேள்வி உண்டு, வீட்டாரோடு நேருக்கு நேர் வாதம் உண்டு. தமிழ் ரசிகர்கள் அதைப் பார்த்து, மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை. மூலத்தில் இல்லாதது எது என்று அந்த மறு ஆக்கம் சுட்டிக்காட்டியிருக்கிறது.

பாஷா ஆணையத்தின் பரிந்துரையில் சட்டம் வந்தால், அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்குகளில் பெரும்பாலும் முதல் சாட்சியாக நிற்கப்போவது அந்தப் பெண்தான். 2015 ஜூனில் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜ் வழக்கில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி பதிவில் அவரோடு இருந்த பெண், விசாரணையில் பிறழ் சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் மீண்டும் அழைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியபோது, அதில் இருப்பது தான் அல்ல என்று சொன்னார். நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள், தண்டனை உறுதியானது. ஆனால் அந்தக் கூண்டில் நின்று தன் முகத்தைத் தானே மறுத்த பெண்ணுக்கு என்ன தெரியாது? எல்லாம் தெரியும். வீட்டில் யார் என்ன சொன்னார்கள், சாட்சி சொன்னால் நாளை எந்தத் தெருவில் நடக்க முடியும், சொல்லாவிட்டால் இரவில் எப்படித் தூங்குவது என்பது உட்பட. அவரைப் பற்றிய படத்தை எடுக்கும் அளவுக்குத் திறமையும் துணிச்சலும் உள்ள இயக்குநர்கள் இன்று தமிழில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். மாரி செல்வராஜ் அவர்களில் முதன்மையானவர்.